ஹோட்டன் சமவெளி மரைகளுக்குத் தீனி போடாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

நான் நுவரெலியாவில் வான் ஓட்டுகிறேன். விடுமுறை வந்தால் ஹயர் கேட்பவர்களில் பலருக்கு ஹோட்டன் சமவெளித் தேசியப் பூங்காவுக்குத்தான் போகவேண்டும். அவர்கள் உலக முடிவு என்ற செங்குத்துப் பாறை விளிம்பு வரை நடந்து திரும்பும்வரை நாங்கள் சாரதிமார் ஃபார் இன் என்ற பார்வையாளர் நிலையத்துக்குப் பக்கத்து வாகனத் தரிப்பிடத்தில் காத்திருப்போம். அங்கே நிற்கும் மரைகளை, அதாவது சாம்பர் மான்களை, பற்றித்தான் இந்தக் கடிதம்.

வான் கதவு திறக்கும் சத்தம் கேட்டால் போதும், கிட்ட வந்துவிடுகின்றன. போன மாதம் பெரிய கொம்பன் மரை ஒன்று ஒரு குடும்பத்தின் சாப்பாட்டுப் பைக்குள் முகத்தை விட்டு, பாணை அதன் பொலித்தீன் உறையோடு சேர்த்து இழுத்து மென்றது. பிள்ளைகள் கைதட்ட, தகப்பன் படம் எடுத்தார். நான் ஓடிப்போய் உறையைப் பிடித்து இழுத்தேன். பாதிதான் கையில் வந்தது, எச்சிலோடு. மீதி உள்ளே போய்விட்டது.

மரை அசைபோடும் மிருகம். பொலித்தீன் அதன் இரைப்பையில் செரிக்காது, சுலபமாக வெளியேயும் வராது. சேர்ந்து சேர்ந்து கட்டியாகிவிட்டால், புல் தின்ன இடமில்லாமல் வயிறு நிறைந்தபடியே மெலிந்து சாகும். உறையை நீக்கிவிட்டு வெறும் பிஸ்கட் கொடுத்தாலும் சரியில்லை. சிறுத்தைக்குப் பயந்து காட்டோரம் நிற்கவேண்டியது வானுக்குப் பின்னால் அலைகிறதே, அதைப் பழக்கியது நாம்தான்.

நுழைவாயிலில் பைகளைச் சோதித்து, பொலித்தீனை வாங்கி வைத்து, போத்தலில் ஒட்டிய லேபிளைக்கூட உரித்துவிடுவார்கள். இதற்கு முகம் சுளிப்பவர்கள் உண்டு. ஜாக்கெட்டுக்குள் ஒளித்துக் கொண்டுபோகிறவர்களும் உண்டு. அந்த ஒளித்த உறைதான் பிறகு பேக்கர் நீர்வீழ்ச்சிக்குப் போகும் பாதையில் கிடக்கிறது. வீட்டிலேயே சோற்றை வாழையிலையில் கட்டி வாருங்கள், சோதனையில் ஒரு நிமிடமும் வீணாகாது.

விடியற்காலையிலேயே வரவேண்டும் என்பதையும் சொல்லவேண்டும். உலக முடிவில் பாறை ஏறக்குறைய 870 மீற்றர் செங்குத்தாக இறங்குகிறது. கீழே தேயிலைத் தோட்டமும் தொழிலாளர் குடியிருக்கும் லயங்களின் தகரக் கூரைகளும் தெரியும். வானம் வெளித்திருந்தால் தெற்கே கடலும் தெரியும். ஒன்பது, பத்து மணியானால் பெரும்பாலும் மூடுபனி ஏறி எல்லாவற்றையும் மறைத்துவிடும். பிந்தி வந்தவர்கள் "ஒன்றுமே தெரியவில்லை" என்று சலித்துக்கொண்டு திரும்புவார்கள். எனக்கு அந்தப் பனியும் பார்க்கவேண்டிய காட்சிதான். மரத்துப் பாசியில் படிந்து சொட்டுச் சொட்டாக இறங்கும் அந்த ஈரமும் சேர்ந்துதான் இந்த மலையில் ஊற்றாகிறது. மகாவலி, களனி, வளவை மூன்றுக்கும் இங்கிருந்து தண்ணீர் போகிறது. 1988இல் தேசியப் பூங்காவாகி, 2010இல் மத்திய மலைநாட்டு உலக மரபுரிமையில் சேர்ந்த இடம் இது. அங்கே ஸ்பீக்கரில் பாட்டுப் போட்டு ஆடுவது எனக்கு உண்மையிலேயே மனவருத்தம்.

என் சக சாரதிமாருக்கு ஒரு வேண்டுகோள். பூங்காவுக்குள் போனபிறகு சொன்னால் யாரும் கேட்கமாட்டார்கள். போகும் வழியில் பட்டிப்பொலயில் தேநீருக்கு நிறுத்தும்போதே இரண்டு விஷயத்தைச் சொல்லிவிடுங்கள்: மரைக்கு ஒன்றும் கொடுக்கக்கூடாது, பொலித்தீன் எல்லாம் வானிலேயே இருக்கட்டும். அவர்கள் தரும் பொலித்தீன் பையை நான் ஆசனத்துக்கு அடியில் வைத்து, திரும்பி வரும்போது கொடுத்துவிடுகிறேன். இதுவரை யாரும் கோபித்துக்கொண்டதில்லை.

இப்படிக்கு,
ஒரு வான் சாரதி,
நானுஓயா