மெயின் பஜார் வரலாற்று நூலுக்கு நன்கொடை வேண்டுகோள்

அன்புடையீர், வணக்கம்.

ஊட்டி பஸ் ஸ்டாண்டில் இறங்குகிறவர்களில் எத்தனை பேருக்குத் தெரியும், அந்த இடம் ஒரு காலத்தில் ஏரி என்று? கலெக்டர் ஜான் சல்லிவன் 1823-ல் ஓடைகளை மறித்து ஏரி அமைக்கத் தொடங்கினார். 1825-ல் வேலை முடிந்தது. இன்று படகு ஓடுவது அதில் மிஞ்சிய பாகம்தான். மற்றது ரேஸ் கோர்ஸ், பஸ் ஸ்டாண்ட் என்று ஆகிவிட்டது. மழை பலத்தால், ஊருக்குள் ஓடி ஏரியில் சேரும் கோடப்பமந்து கால்வாய் ரோட்டுக்கு வந்துவிடுகிறதே, பழைய வழியைத் தேடித்தான் வருகிறதோ என்னவோ. மந்து என்றால் தோடர் குடியிருப்பு. நமக்கு முன்னால் இங்கே இருந்தவர்களின் பேரை, நாம் சாக்கடை என்று மூக்கைப் பொத்திக்கொண்டு தாண்டுகிற அந்தக் கால்வாய்தான் சுமந்துகொண்டிருக்கிறது.

ஊட்டி வரலாறு என்றாலே சல்லிவன் கட்டிய ஸ்டோன் ஹவுஸ் பங்களா, புனித ஸ்டீபன் ஆலயம், தாவரவியல் பூங்கா என்று முடித்துவிடுகிறார்கள். துரைமார் எழுதி வைத்தார்கள், அது நின்றது. 1908-ல் ரயில் ஊட்டிக்கு வருவதற்கு முன்னால் மாட்டு வண்டியில் சரக்கு ஏற்றி வந்தவர்களும், மூட்டை தூக்கியவர்களும், கடை போட்டவர்களும் எழுதி வைக்கவில்லை. மாரியம்மன் திருவிழாவில் ஒரு நாளைக்கு ஒரு சமூகத்தார் உபயம் செய்கிறார்களே, அந்த வரிசையைப் பார்த்தாலே யார் யார் இந்த மலைக்கு வந்து சேர்ந்தார்கள் என்பது பாதி புரிந்துவிடும். மீதியைப் பெரியவர்களிடம் கேட்டுத்தான் எழுத வேண்டும். அதைத்தான் செய்துகொண்டிருக்கிறோம்.

போன மாதம் ஒரு வீட்டில் தாத்தாவின் கடை வாசல் படம் ஒன்றைக் காட்டினார்கள். ஊட்டி ஈரம் சும்மா விடுமா? படம் கண்ணாடியோடு ஒட்டிப்போய், ஓரமெல்லாம் பூஞ்சணம். முன்பே ஒரு ஸ்டுடியோவில் கொடுத்துப் பிரித்துப் பார்த்திருக்கிறார்கள். தாத்தாவின் முகம் கண்ணாடியோடு போய்விட்டது. தலைப்பாகையும், தராசு பிடித்த கையும்தான் மிச்சம். அன்றைக்குத்தான் முதலில் ஸ்கேனர் வாங்குவது என்று முடிவு செய்தோம்.

சரி, கணக்குக்கு வருவோம். ஸ்கேனருக்கும் படங்களைச் சேமிக்கும் ஹார்ட் டிஸ்க்குக்கும் 45,000 ரூபாய். 500 பிரதிகள் அச்சிட 1,30,000. ஆக 1,75,000. குழுவினர் போட்டது 62,000. இன்னும் 1,13,000 வேண்டும். எழுதுகிறவர்களுக்குச் சம்பளம் கிடையாது, டீயும் வர்க்கியும் அவரவர் செலவு. 1,000 ரூபாயும் அதற்கு மேலும் தருபவர்களுக்கு ஒரு பிரதி உண்டு. அதற்குக் குறைவாகத் தந்தாலும் நன்கொடையாளர் பக்கத்தில் பெயர் வரும். வேண்டாம் என்றால் சொல்லிவிடுங்கள். ரசீது இல்லாமல் யாரிடமும் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள், குழுவைச் சேர்ந்தவராகவே இருந்தாலும்.

பணம் தர முடியாதவர்கள் பழைய கணக்கு நோட்டு, வாடகை ரசீது, கல்யாணப் படம் எதுவானாலும் இரவல் தரலாம். உங்கள் கண் முன்னாலேயே ஸ்கேன் செய்து உடனே திருப்பித் தந்துவிடுவோம். படத்தை மட்டும் தயவுசெய்து கழற்றாமல், சட்டத்தோடேயே கொண்டு வாருங்கள்.

இப்படிக்கு,
நூல் தயாரிப்புக் குழுவினர்,
மெயின் பஜார், உதகமண்டலம்