மிளகாய்க் கண்டு பட்ட பாடு

ஸ்காபரோ, கனடா, மே மாசம்

அன்பின் அம்மாவுக்கு,

மாமி கையில குடுத்துவிட்ட கடிதமும் மிளகாய்த்தூளும் மார்ச்சிலயே கிடைச்சிட்டுது. இவ்வளவு நாளும் பதில் போடேல்லை எண்டு கோவிக்காதேங்கோ, போனில கதைக்கிறம் தானே எண்டு விட்டிட்டன், ஆனா போனில நீங்கள் "சாப்பிட்டியோ" எண்டு கேக்க நான் "ஓம்" எண்டு சொல்ல அதோட கதை முடிஞ்சிடுது.

"உந்தப் பனிக்குள்ள என்னடா தோட்டம்" எண்டு கேட்டிருந்தீங்கள். வீட்டுக்கார அக்கா பின் வளவில ஒரு துண்டு தந்திருக்கிறா, 10 அடிக்கு 12 அடி வரும். சரியான களிமண், எங்கட செம்மண்ணைக் கண்ட கைக்கு இதைக் கொத்த அழுகை தான் வருது. ஆட்டெரு கடையில பிளாஸ்டிக் பாக்கில விக்கினம் அம்மா! அப்பா தோட்டத்துக்க ஆட்டுப்பட்டி அடைச்சு விட்ட மனுசன், இதைக் கேட்டிருந்தா ஒரு கிழமைக்குச் சிரிச்சிருப்பார்.

மார்ச் மாசமே தயிர்க் கோப்பையளுக்க மிளகாய் 20, கத்தரி கொஞ்சம் போட்டனான். பேஸ்மென்ற் யன்னலால வெயில் வராது, அதால ரியூப் லைற் ஒண்டைக் கயித்தில கட்டித் தொங்கவிட்டு அதுக்குக் கீழ வளத்தது. ஏப்ரல் கடைசியில நாலு நாள் நல்ல வெயில் எறிச்சுது, சேட்டோட திரியலாம் போல கிடந்தது, எனக்குப் பொறுக்கேல்லை, 14 கண்டைக் கொண்டுபோய் நட்டிட்டன். பக்கத்து வீட்டு இத்தாலிக்காரக் கிழவர் கம்பி வேலிக்கு அங்கால நிண்டு "மே 24, மே 24" எண்டு கையை ஆட்டினவர். இஞ்ச மே 25-க்கு முன்னம் வாற திங்கட்கிழமை லீவு, அந்த லோங் வீக்கெண்டுக்குப் பிறகுதான் எல்லாரும் கண்டு நடுறது. தோட்டக்காரன்ர மகனுக்கு இவர் என்ன சொல்லுறது எண்டு நான் கணக்கெடுக்கேல்லை. அண்டிரவே மைனசுக்குப் போட்டுது. விடியப் போய்ப் பாத்தா 14-ம் அவிச்ச கீரை மாதிரி மண்ணோட ஒட்டிக் கிடக்குது. உள்ளுக்க வைச்சிருந்த 6 தான் மிச்சம்.

அந்தக் கிழவற்ற கதை தனிக்கதை. அவற்ற வளவில ஆளுயரத்துக்கு ஒரு அத்தி மரம். கார்த்திகை மாசம் ஒருநாள் என்ர யன்னலால பாக்கிறன், அவற்ற சப்பாத்தும் மண்வெட்டியும் மட்டும் தான் தெரியுது, ஆள் நீளத்துக்குக் கிடங்கு வெட்டுறார், ஆரையோ புதைக்கப்போறார் எண்டு பயந்துபோனன். பிறகு பாத்தா மரத்தின்ர ஒரு பக்க வேரை வெட்டி, மெல்ல மெல்லச் சரிச்சு, கிடங்குக்க படுக்க வைச்சு, பலகை போட்டு மண்ணால மூடுறார். குளிருக்கு அத்தி தாங்காதாம். இந்த ஏப்ரலில திரும்பத் தோண்டி நிமித்தேக்க நானும் ஒரு பக்கம் பிடிச்சனான். இப்ப துளிர் விட்டிட்டுது. எனக்கு 2 தக்காளிக் கண்டு தந்தவர், என்ன பாஷையில நன்றி சொல்லுறதெண்டு தெரியாமல் உங்கட தூளில கொஞ்சம் குடுத்தன், அடுத்தநாள் கண்ணெல்லாம் சிவந்து நிண்டார்.

வேலை பரவாயில்லை. இப்ப கிழமைக்கு 3 நாள் தான் ஷிப்ட், இந்தக் காலத்தில எல்லாருக்கும் அப்பிடித்தான், எனக்கும் தோட்டத்துக்கு நேரம் கிடைக்குது. மாமி ஏதும் வேற மாதிரிச் சொன்னா நம்பாதேங்கோ. இந்த மாசக் காசு கொஞ்சம் பிந்தும், பாங்கில ஏதோ இழுபறி.

நேற்றுப் பின்னேரம் ஹோஸால பாத்திக்குத் தண்ணி விட்டுக்கொண்டு நிண்டனான். இஞ்ச 8 மணிக்கும் வெளிச்சம் கிடக்கும். ஒரு பாத்தி நிறைய என்ர கால் தன்ரபாட்டில மண்ணை இழுத்து வாய்க்காலை அடைக்குது, "அப்பா, அடுத்த பாத்திக்கு மாறட்டோ" எண்டு வாயும் திறந்திட்டுது. இஞ்ச வாய்க்காலும் இல்லை ஒண்டுமில்லை. தண்ணியை நிப்பாட்டிப்போட்டு அப்பிடியே குந்தி இருந்தனான், வீட்டுக்கார அக்கா வந்து என்ன தம்பி எண்டு கேக்குமட்டும். நுளம்பு கடிக்குது எண்டு சொன்னன்.

சரி அதை விடுங்கோ. மேற்குப் பக்கத்து ஆக்கள் திரும்பவும் வேலிக் கதியால் மாத்தப்போகினமாம் எண்டு எழுதியிருந்தீங்கள். ஒவ்வொரு முறையும் அரை முழம் எங்கட பக்கம் வருது, இது சின்னப்பிள்ளைக்கும் தெரியும். நீங்கள் சண்டைக்குப் போகாதேங்கோ, பிரஷர் ஏறும். அத்தானைக் கொண்டு காணி உறுதியைக் கொப்பி எடுப்பிச்சு, நில அளவைக்காரரைக் கூப்பிட்டு அளந்த பிறகு போடட்டும் எண்டு சொல்லுங்கோ. அளக்கிற காசு நான் அனுப்புவன், அதுக்காக அக்காட்டை வாங்காதேங்கோ. கிணத்தடி வேம்பைத் தறிக்கச் சித்தப்பா கேட்டால் என்னோட கதைக்கச் சொல்லுங்கோ. உறுதி கட்டில் பெட்டிக்குள்ள இல்லை, அப்பான்ர பழைய சூட்கேசுக்க நீலப் பைலுக்க கிடக்கு, எலி அரிக்க முதல் எடுத்து வையுங்கோ.

உங்கட மகன்