கண்டி ராஜாவின் சதுரங்கப் பலகைக்குப் பக்கத்தில் கொஞ்சம் இடம்

வேலூர் கோட்டை அரசு அருங்காட்சியகப் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம். கண்டியின் கடைசி மன்னர் விக்கிரம ராஜசிங்கரின் தந்தச் சதுரங்கப் பலகையைப் பத்திரமாக வைத்திருக்கிறீர்கள். 1815இல் வெள்ளைக்காரரிடம் பிடிபட்டு, இந்த வேலூரில் சிறையிருந்து, 1832இல் இறந்துபோனவர். பலகை நல்ல வேலைப்பாடுதான். ஆனாலும் அது ஒரு விளையாட்டுச் சாமான். ராஜா விளையாடியதற்கு இடம் உண்டென்றால் எங்களுக்கும் ஒரு கண்ணாடி அலமாரி கொடுக்கலாமே.

எங்களுக்கு என்றால், 1989க்கு முன்பு, திருவண்ணாமலையும் சேர்ந்து ஒரே வடாற்காடாக இருந்த காலத்துப் பிள்ளைகளுக்கு.

முதலில் வைக்க வேண்டியது பிலிம் துண்டு. டென்ட் கொட்டகையில் ஒரே மெஷின்தான். ரீல் மாற்றும்போதெல்லாம் விளக்கைப் போட்டுவிடுவார்கள், முறுக்குக்காரர் உள்ளே வந்துவிடுவார். தரை டிக்கெட்டில் மணலைக் குவித்து உயரமாக உட்கார்ந்தால் பின்னால் இருப்பவர் தலையில் தட்டுவார். அறுந்த பிலிமை ஒட்டும்போது வெட்டிப் போட்ட துண்டுகள் எப்படியோ பெட்டிக்கடைக்கு வந்துவிடும். எம்.ஜி.ஆர். துண்டென்றால் கோலிக்குண்டு கூடக் கேட்பார்கள். பியூஸ் போன பல்பின் அடியை உடைத்துத் தண்ணீர் நிரப்பினால் அதுதான் லென்ஸ். அக்கா வெளியே வெயிலில் நின்று கண்ணாடியைத் திருப்புவாள். உள்ளே இருட்டறையில் நான் துண்டைத் தலைகீழாகப் பிடிப்பேன். லென்ஸ் படத்தைக் கவிழ்த்துவிடும் என்பதைப் பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கொடுப்பதற்கு முன்பே, திரையாகக் கட்டிய அப்பாவின் வேட்டியில் பார்த்துவிட்டோம். இதைக் கண்ணாடிக்குள் பூட்டி வைக்க வேண்டாம், வருகிற பிள்ளைகள் கையால் செய்து பார்க்கட்டும்.

அப்புறம் தகரப் படகு. மயானக்கொள்ளைத் திருவிழாவுக்குப் பாலாற்று மணலில் கடை போடுவார்கள், அங்கே வாங்கியது. திரியைக் கொளுத்தினால் உள்ளே தண்ணீர் கொதித்து, ஆவி குழாய் வழியாக நீரைத் தள்ளும்; மறுபடி உறிஞ்சும். டபடபவென்று அண்டாவைச் சுற்றி வரும். ஆற்றங்கரையில் வாங்கினாலும் விட்டுப் பார்த்ததென்னவோ அண்டாவில்தான். பாலாற்றில் தண்ணீர் எங்கே இருந்தது?

மிட்டாயை வைத்தால் எறும்புதான் மிஞ்சும். கமர்கட் பாட்டிலும், கையில் வாட்ச் கட்டிவிடுவாரே, அந்த ஜவ்வு மிட்டாய்க்காரரின் கழிமேல் நின்ற பொம்மையும் போதும். இங்கே ஒரு வேண்டுகோள்: ‘அந்தக் காலத்தில் எல்லாம் சுத்தம்’ என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். ரோடமைன்-பி சாயம் கலந்திருப்பதாகப் பஞ்சு மிட்டாய்க்கு 2024இல் நம் அரசு தடை போட்டது. எங்கள் காலத்து ரோஸ் கலரில் என்ன இருந்தது என்று யார் சோதித்துப் பார்த்தார்கள்?

அவசரத்துக்குக் காரணம் உண்டு. பரணில் இருக்கும் பிலிம் துண்டுகள் வினிகர் வாடை அடிக்கத் தொடங்கிவிட்டன. அந்த வாடை வந்தால் பிலிம் சுருங்கி நொறுங்கும். உங்கள் துறைக்கு எழும்பூரில் பழம்பொருள் பாதுகாப்புக்கென்றே ஆய்வுக்கூடம் இருக்கிறது. எங்களிடம் பழைய பிஸ்கட் டப்பாதான் இருக்கிறது. எந்தக் கிழமை கொண்டுவந்தால் வாங்கிக்கொள்வீர்கள் என்று மட்டும் தெரிவியுங்கள்.

இப்படிக்கு,
காட்பாடியிலிருந்து ஒரு பார்வையாளர்