வேண்டாம் என்று சொன்னவர்களுக்கு நன்றி

அனைவருக்கும் வணக்கம்.

கடலூரில் எங்கள் மருத்துவமனைக்குப் பின்னால் கருவேலம் மண்டிக் கிடந்த காலியிடத்தில் இன்று நோயாளிகள் காலாற நடக்கிறார்கள். பணம் தந்தவர்களின் பெயர்கள் பலகையில் இருக்கின்றன. செவிலியரான நான் போட்ட தோட்டத் திட்டத்தில் கை வைத்து, "இது வேண்டாம்" என்று சொன்னவர்களுக்குப் பலகை இல்லை. அவர்களுக்குத்தான் இந்த மடல்.

நர்சரி அண்ணன், வேலியோரம் அரளி என்று நான் எழுதியிருந்ததைப் பார்த்ததுமே பேனாவை வாங்கி அடித்துவிட்டார். "வேர் முதல் பூ வரை விஷம் அம்மா. குழந்தைகள் வருகிற இடம்." அதற்குப் பதிலாக எங்கிருந்தோ ஒரு பாதிரி மரக்கன்றைக் கொண்டுவந்தார். எங்கள் ஊரின் ஒரு பகுதியைத் திருப்பாதிரிப்புலியூர் என்று வாய் நிறையச் சொல்கிறோம். பாடலீஸ்வரர் கோயிலின் தலமரமும் அதுதான். இருந்தும், எதிரே நின்றால்கூட எனக்கு அடையாளம் தெரிந்திருக்காது.

அழகுக்காக நான் கேட்ட இரண்டு படிகளை மேஸ்திரி கட்ட மறுத்தார். ஓரடி உயரத்துக்குப் பன்னிரண்டடி நீளம் என்று சரிவுப் பாதை போட்டார். சிமென்ட் காய்ந்ததும் சக்கர நாற்காலியில் தானே உட்கார்ந்து, மகனைத் தள்ளச் சொன்னார். பாதி வழியில் சக்கரம் ஒருமுறை தட்டியது. இறங்கி, அந்த இடத்தைக் கொத்திவிட்டு மறுபடி பூசினார்.

மல்லிகைப் பந்தலை நிறுத்தியவர் கீமோ சிகிச்சையில் இருந்த ஓர் அக்கா. "வாசனை வந்தாலே குமட்டுகிறது" என்றார். தலையில் பூ இல்லாமல் வெளியே கிளம்பாத எனக்கு அது தோன்றவே இல்லை.

எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களை ஈரமண் பக்கம் விட வேண்டாம், பூஞ்சை தொற்றும் என்றார் டாக்டர். அவர்களுடைய ஜன்னலுக்கு நேராக மரம் வைக்கச் சொன்னவரும் அவரே. 1984இல் ராஜர் உல்ரிச் வெளியிட்ட ஆய்வைக் காட்டினார். பித்தப்பை அறுவை செய்துகொண்டவர்களில், ஜன்னலில் மரம் தெரிந்தவர்கள் செங்கல் சுவர் தெரிந்தவர்களைவிடச் சற்று முன்னதாகவே வீடு திரும்பினார்களாம். கடுமையான வலி மருந்தும் குறைவாகவே தேவைப்பட்டதாம்.

கடைசியாக எங்கள் வார்டு ஆயா. பெஞ்சுகள் எல்லாம் பாதையைப் பார்த்தபடி இருப்பதைக் கண்டு, "ஒன்றையாவது சுவர்ப் பக்கம் திருப்பிப் போடு பாப்பா, அழுகிறவர்களுக்கு" என்றார். நேற்று மாலை அதில் ஒரு பையன் குனிந்து உட்கார்ந்திருந்தான். ஆயா டீயைப் பக்கத்தில் வைத்துவிட்டு, எதுவும் கேட்காமல் திரும்பி வந்தார்.

நன்றியுடன்,
தோட்டப் பொறுப்புச் செவிலியர்
கடலூர்