அக்காவுக்கு, கனடா ஸ்கார்பரோவிலேர்ந்து

அன்புள்ள அக்காவுக்கு,

கோபி வந்து உன் லெட்டர், புளி, சுண்டைவத்தல் எல்லாத்தையும் குடுத்துட்டான். போன்ல பேசினா பக்கத்துல அம்மா இருப்பாங்க, கதைப்புத்தகம் பத்தியெல்லாம் நிதானமா பேச முடியாது, அதான் நானும் பேப்பர்லயே எழுதறேன். இந்த வருஷம் என்னென்ன படிச்சே, எது பிடிச்சுதுன்னு கேட்டிருந்தே. நிறைய படிச்சேன்க்கா. ஷிஃப்ட் கொஞ்சம் குறைச்சிருக்காங்க, நல்லதுதான், ரெஸ்ட் கிடைக்குது. காரும் இப்போதைக்கு வேணாம்னு வெச்சுட்டேன், பஸ்ல உக்காந்தா நிம்மதியா படிக்கலாம். வெளில மைனஸ் 20, உள்ள ஹீட்டர், கையில புத்தகம். இங்க லைப்ரரியில தமிழ் புத்தகத்துக்குத் தனி அலமாரியே இருக்கு தெரியுமா.

முதல்ல அசோகமித்திரனோட ஒற்றன். 1973ல அமெரிக்காவுல அயோவாங்கற ஊர்ல பல நாட்டு எழுத்தாளர்களோட தங்கியிருந்தாரே, அந்த அனுபவம்தான் கதை. குளிர்ல புதுசா வந்து இறங்கின ஆளோட தவிப்பை அவ்வளவு அமைதியா எழுத யாராலயும் முடியாது. நீ கண்டிப்பா படி, நான் இங்க எப்படி இருக்கேன்னு தனியா எழுத வேண்டியதே இல்ல.

அப்புறம் ப.சிங்காரத்தோட புயலிலே ஒரு தோணி. மனுஷன் எழுதினது ரெண்டே நாவல், இது 1972ல வந்துச்சு. இந்தோனேசியாவுல மெடான்ங்கற ஊருக்கு வட்டிக்கடை வேலைக்குப் போன நம்ம ஆளுங்க, ஜப்பான்காரன் உள்ள வர்றது, பினாங்கு, யுத்தம்னு என்னென்னவோ நடக்குது. ஆனா எனக்கு ஒட்டிக்கிட்டது கதாநாயகன் பாண்டியன் எங்கேயோ உக்காந்துக்கிட்டு சின்னமங்கலம் சந்தையையும் மதுரைத் தெருக்களையும் ஒண்ணொண்ணா நினைச்சுப் பார்க்கற இடம்தான். அதைப் படிச்ச ராத்திரி நம்ம கடைத்தெருவை மணிக்கூண்டுலேர்ந்து ஆரம்பிச்சு கடை கடையா சொல்லிப் பார்த்தேன், பூக்காரம்மா கடைக்கு அடுத்த கடை எதுன்னு மட்டும் எவ்வளவு யோசிச்சும் ஞாபகம் வரல. தூக்கமே வரலக்கா. அடுத்த லெட்டர்ல அதை எழுது.

மேல்வீட்டு ஆன்ட்டி பத்தி சொல்லியிருக்கேன்ல, யாழ்ப்பாணத்துக்காரங்க, அவங்களும் பெரிய வாசகி. ஆனா எந்த நாவலா இருந்தாலும் கடைசிப் பக்கத்தைத்தான் முதல்ல படிப்பாங்க, அதுல யாராவது செத்திருந்தா புத்தகத்தை மூடித் திருப்பிக் குடுத்துடுவாங்க, "எனக்கு இனி ஒரு சாவும் வேண்டாம் தம்பி"ன்னு. வண்ணநிலவனோட கடல்புரத்தில் அவங்க குடுத்ததுதான். நான் ராத்திரில அதை வாய்விட்டுப் படிக்கறது வழக்கம், பிலோமியும் அவ அப்பாவும் பேசற பேச்சை எல்லாம் அப்படித்தான் படிக்கணும், அப்பதான் சுகம். ஒருநாள் திடீர்னு கதவைத் தட்டறாங்க, கையில ரெண்டு தட்டு புட்டு. "ஆரோ வந்திருக்கினம் போல, கதைச்சுக் கேட்டுது"ன்னாங்க. நான் ஒண்ணும் சொல்லல, வாங்கி வெச்சுக்கிட்டேன். புட்டு ரொம்ப நல்லா இருந்துச்சு.

இதெல்லாத்துக்கும் மேல, நீ கோபிகிட்ட குடுத்தனுப்பின சாயாவனம். சா.கந்தசாமி 1969லயே இப்படி எழுதிட்டாரேன்னு இருக்கு. பூம்புகார் போறப்ப எத்தனை தடவை நாம அந்த சாயாவனம் ஊர்ப் பக்கம் போயிருப்போம். வெளிநாட்டுல சம்பாதிச்சுத் திரும்பி வர்ற சிதம்பரம் கரும்பாலை கட்டறதுக்காக காட்டை வாங்கி, வெட்டி, கொளுத்தறான், கொடி கொடியா மரம் மரமா அந்த வெட்டைப் படிக்கப் படிக்கக் கை வலிக்குது. அவன் கெட்டவனும் இல்ல பாரு, உழைப்பாளி, அதான் வேதனையே. ஊருக்கே புளி குடுத்த மரங்க அதோட போயிடுது. கடைசில ஒரு ஆச்சி, எல்லாத்தையும் அழிச்சுட்டியே இனிமே நீ எங்கேர்ந்து நல்ல புளி அனுப்புவேன்னு கேக்கறப்ப எனக்கு நெஞ்சை அடைச்சுடுச்சு.

அதைப் படிச்சு முடிச்ச கையோட உன் லெட்டரைத் திரும்ப எடுத்தா, அத்தான் கொல்லைப் புளியமரத்தை வெட்டிட்டு போர்ஷன் கட்டலாம்னு சொல்றார்னு எழுதியிருக்கே. வேணாம்க்கா, அத்தான்கிட்ட நான் கெஞ்சிக் கேட்டேன்னு சொல்லு. மாட்டுக்கொட்டாய் இருந்த இடம் சும்மாதானே கிடக்கு, ரெண்டு போர்ஷன் தாராளமா வரும். இங்க தாய்லாந்துப் புளிதான் பாக்கெட்ல கிடைக்குது, குழம்பு கறுத்துப் போகுது, வாசனையே இல்ல. நீ அனுப்பின புளியில ஒரு உருண்டை போட்டு ரசம் வெச்சதுமே ஆன்ட்டி மேலேர்ந்து இறங்கி வந்துட்டாங்க.

அம்மா கண்ணு ஆபரேஷனைத் தை கடைசில வெச்சுக்கோங்க, அதுக்குள்ள பணம் அனுப்பிடறேன், சித்தப்பாகிட்ட மட்டும் கேக்காதே. லென்ஸ் எது நல்லதுன்னு டாக்டர் சொல்றாரோ அதையே போடச் சொல்லு, விலையைப் பார்க்க வேணாம். பட்டா பேப்பர்ல என் கையெழுத்து எங்கெங்க வேணுமோ அங்க பென்சில்ல குறிச்சு அனுப்பு. கோபி சித்திரைல திரும்ப ஊருக்கு வர்றான், அவன்கிட்ட குடுத்தனுப்பறேன், ஒற்றனும் வாங்கி வெச்சிருக்கேன், அதோட சேர்த்து.

உன் அன்புத் தம்பி