சங்க ஆண்டறிக்கை 2024–25: ஓட்டும்போது எதைப் போட்டுக்கொள்வது

மதிப்பிற்குரிய தலைவர், பொருளாளர், செயற்குழுவினர், குடும்பத்தோடு வந்திருக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

ஏப்ரல் 2024 முதல் மார்ச் 2025 வரையிலான நம் பைக் சங்கத்தின் அறிக்கையைப் பொதுக்குழுவின் முன் வைக்கிறேன். செயற்குழு மாதந்தோறும் கூடியது. கோத்தகிரி, வால்பாறை, கொல்லிமலை, ஏற்காடு ரைடுகள் திட்டமிட்டபடி நடந்தன. மே மாத ரைடை மட்டும் வெயில் காரணமாகத் தள்ளி வைத்தோம். புதிதாகச் சேர்ந்தவர்களில் கல்லூரி மாணவர்களும் பெண்களும் முன்பைவிட அதிகம். வரவு செலவைப் பொருளாளர் தனியாகப் படிப்பார். மீதி நேரத்தை ஒரே விஷயத்துக்குக் கேட்கிறேன். இந்த ஆண்டு நம் கூட்டங்களில் அதிகம் பேசப்பட்டது ரைடிங் கியர், அதாவது ஹெல்மெட், ஜாக்கெட், கையுறை, பூட்ஸ் போன்ற பாதுகாப்பு உடைகள்தான். பொதுக்குழு இன்று முடிவெடுக்க வேண்டிய தீர்மானமும் அதைப் பற்றியதே.

பேச்சு தொடங்கியது வால்பாறை ரைடுக்குப் பிறகு. ஆழியாறு பக்கம் 40 கொண்டை ஊசி வளைவுகள் என்பது உங்களுக்குத் தெரியும். இறங்கும்போது ஒரு வளைவில் சிதறிக் கிடந்த ஜல்லிப்பொடியில் நம் உறுப்பினர் ஒருவருக்கு முன்சக்கரம் வழுக்கியது. பெரிய வேகம் இல்லை. போட்டிருந்ததும் நல்ல விலை கொடுத்து வாங்கிய ஜாக்கெட், முழங்கையில் முறையான ஆர்மர் (அடியைத் தாங்க உள்ளே வைக்கும் அட்டை). ஆனால் ஜாக்கெட் ஒரு சைஸ் பெரியது. சாலையில் உரசிய உடனே கைத்துணி முறுக்கிக்கொண்டு, ஆர்மர் முழங்கையின் உள்பக்கம் போய்விட்டது. முழங்கை முட்டி நேராகத் தாரில் இடித்தது. எலும்பில் விரிசல், தோல் உரிந்த காயம், அப்புறம் நீண்ட நாள் கட்டு. இப்போது நலமாக இருக்கிறார், இந்தக் கூட்டத்துக்கும் வந்திருக்கிறார். நடந்ததை மறைக்காமல் எல்லோருக்கும் சொல்லுங்கள் என்று என்னிடம் கேட்டுக்கொண்டவரே அவர்தான்.

அந்த ஜாக்கெட்டை மேசையில் விரித்து வைத்துத்தான் அடுத்த செயற்குழுவை நடத்தினோம். தையல் எங்கும் விடவில்லை, துணி தேய்ந்திருந்ததே தவிர கிழியவில்லை. பொருளில் குறை சொல்ல முடியாது. உடலோடு நிற்கவில்லை, அவ்வளவுதான். அன்று முதல் நாங்கள் எல்லோரிடமும் சொல்லி வருவது ஒன்றே: பெயரையும் விலையையும் பார்ப்பதற்கு முன், விழும்போது இது இடத்தைவிட்டு நகருமா என்று பாருங்கள்.

அதன் பிறகு உறுப்பினர்கள் தங்களிடம் இருப்பதையெல்லாம் எடுத்துக்கொண்டு வரும் சோதனைக் கூட்டம் ஒன்றை நடத்தினோம். ஹெல்மெட்டில் ஆரம்பித்தோம். நாடாவை மாட்டிய பிறகு, பின்னால் நிற்பவர் ஹெல்மெட்டின் பின் விளிம்பைப் பிடித்து மேலே, முன்பக்கமாகத் தூக்க வேண்டும். தலையிலிருந்து கழன்று வந்தால் அது ஹெல்மெட் என்ற கணக்கிலேயே வராது. வரிசையாகச் செய்து பார்த்தபோது கழன்று வந்தவை நாங்கள் எதிர்பார்த்ததைவிட அதிகம். அவற்றில் விலை உயர்ந்தவையும் இருந்தன. 'தொளதொளன்னு இருந்தாத்தானுங்க காத்தோட்டமா இருக்குது' என்று ஓர் அண்ணன் சொன்னார். அவர் ஹெல்மெட்டும் கழன்று வந்தது. மறு வாரமே சரியான சைஸில் ஒன்று வாங்கிக்கொண்டார்.

சரியான சைஸ் என்றால் எது? புருவத்துக்குச் சற்று மேலே அளவு நாடாவைச் சுற்றித் தலையை அளந்துகொள்ளுங்கள். கடையில் போட்டால் கன்னம் இரண்டும் நன்றாக அழுந்த வேண்டும். பேசினால் கன்னத்தைக் கடித்துக்கொள்வதுபோல் இருந்தாலும் பரவாயில்லை, கன்னப் பஞ்சு சில வாரங்களில் இளகிவிடும். ஹெல்மெட்டைப் பக்கவாட்டில் திருப்பினால் முகத்தோலும் கூடவே திரும்ப வேண்டும். கால் மணி நேரமாவது கழற்றாமல் கடையிலேயே நில்லுங்கள். நெற்றியில் ஓர் இடத்தில் மட்டும் வலித்து, கழற்றினால் சிவந்த தடம் தெரிந்தால், அந்த ஹெல்மெட்டின் வடிவம் உங்கள் தலைக்கு ஆகாது. சைஸை ஏற்றுவதால் அது தீராது. வேறு மாடலைப் பாருங்கள். கடைக்காரர் அவசரப்படுத்தினால் வேறு கடைக்குப் போங்கள்.

முத்திரை விஷயத்தில் இப்போது குழப்பமே தேவையில்லை. 2021 ஜூன் 1 முதல் ஐஎஸ்ஐ முத்திரை இல்லாத இருசக்கர வாகன ஹெல்மெட்டை இந்தியாவில் விற்கக்கூடாது. அதற்கான தரம் ஐஎஸ் 4151. முத்திரையோடு இருக்கும் உரிம எண்ணை, இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் பிஐஎஸ் கேர் செயலியில் போட்டுப் பார்த்தால் உண்மையா போலியா என்று தெரிந்துவிடும். சோதனைக் கூட்டத்தில் சாலையோரத்தில் வாங்கிய ஒன்றை அறுத்துப் பார்த்தோம். உள்ளே துணிக்கும் ஓட்டுக்கும் நடுவில் மெத்தைப் பஞ்சு மட்டுமே இருந்தது. தலைக்கு வரும் அடியை வாங்கித் தானே நசுங்க வேண்டிய கெட்டியான தெர்மாகோல் அடுக்கு அதில் இல்லவே இல்லை. அந்த அடுக்குதான் ஹெல்மெட்டின் உயிர். ஒருமுறை நசுங்கினால் அது பழைய நிலைக்குத் திரும்பாது. அதனால்தான் விழுந்து அடிபட்ட ஹெல்மெட்டை, வெளியே கீறல் மட்டுமே தெரிந்தாலும், மாற்றச் சொல்கிறோம். இன்னொன்று, வண்டியின் கண்ணாடிமேல் ஹெல்மெட்டைக் கவிழ்த்து மாட்டும் பழக்கம். கண்ணாடியின் முனை உள்ளிருக்கும் தெர்மாகோலில் குழி போடுகிறது. கூட்டத்துக்கு வந்த பல ஹெல்மெட்டுகளில் விரலை விட்டுத் தடவினாலே அந்தக் குழி தெரிந்தது.

கூடுதலாகச் செலவழிக்க முடிந்தவர்கள், ஐஎஸ்ஐயோடு ஐரோப்பாவின் இசிஇ 22.06 சான்றும் உள்ளதைப் பாருங்கள். முந்தைய 22.05இல் இல்லாத, தலை சுழன்று வாங்கும் அடிக்கான சோதனை இதில் உண்டு. எந்த விலையானாலும் மோவாயை மூடும் முழு ஹெல்மெட்தான் வேண்டும் என்பது செயற்குழுவின் ஒருமித்த கருத்து. விழுபவர்கள் முகம் குப்புறவும் விழுகிறார்கள்.

நாட்டின் நிலைமையையும் பதிவு செய்ய வேண்டும். மத்திய அரசின் 2022ஆம் ஆண்டு அறிக்கைப்படி, சாலை விபத்துகளில் இறந்த 1,68,491 பேரில் 44.5 சதவீதம் இருசக்கர வாகனங்களில் சென்றவர்கள். ஹெல்மெட் அணியாமல் இறந்தவர்கள் 50,029 பேர். அவர்களில் 14,337 பேர் பின்னால் உட்கார்ந்திருந்தவர்கள். இந்தக் கடைசி எண்ணைப் படித்த அன்று கூட்டத்தில் யாருக்கும் பேச்சு வரவில்லை.

ஜாக்கெட்டுக்கு வருகிறேன். ஹெல்மெட்டுக்கு இருப்பதுபோல் கட்டாய முத்திரை இங்கே ஜாக்கெட்டுக்கு இல்லை. அதனால் வாங்குபவரே சீட்டைப் படித்தாக வேண்டும். பல ஜாக்கெட்டுகளில் 'சிஇ' என்ற ஐரோப்பிய முத்திரை பெரிதாகத் தொங்கும். உற்றுப் படித்தால் அது உள்ளே வைத்த ஆர்மருக்கு மட்டும் கிடைத்த சான்று. துணியும் தையலும் சாலையில் தேய்வதைத் தாங்குமா என்று சோதிப்பது வேறு தரம், ஐரோப்பாவின் இஎன் 17092. அதில் ஏஏஏ, ஏஏ, ஏ என்று வகுப்புகள் உண்டு, ஏஏஏ உச்சம். நம் நெடுஞ்சாலை ரைடுகளுக்கு ஏஏ நல்ல தேர்வு. ஊருக்குள் ஓட்ட ஏ போதும் என்பது என் எண்ணம்.

ஆர்மரில் லெவல் 1, லெவல் 2 என்று இரண்டு உண்டு. முதுகு ஆர்மரில் வித்தியாசம் பெரியது: சோதனையில் அடித்த அடியில் உடலுக்குக் கடந்து வரும் விசை சராசரியாக 18 கிலோநியூட்டனுக்குள் இருந்தால் லெவல் 1, 9க்குள் இருந்தால் லெவல் 2. இதைச் சொல்லக் காரணம் இருக்கிறது. தோளிலும் முழங்கையிலும் லெவல் 2 வைத்துவிட்டு, முதுகில் வெறும் ஸ்பாஞ்ச் அட்டையைச் செருகி விற்கப்படும் ஜாக்கெட்டுகள் நிறைய. நம் கூட்டத்துக்கு வந்த ஜாக்கெட்டுகளின் முதுகுப் பையைத் திறந்து பார்க்கச் சொன்னோம். அதுவரை திறந்தே பார்க்காதவர்கள்தான் பலர். அதற்கான லெவல் 2 அட்டையைத் தனியாக வாங்கி மாற்றிக்கொள்ளலாம், புது ஜாக்கெட் தேவையில்லை.

போட்டுப் பார்க்கும்போது கண்ணாடி முன் நிற்காதீர்கள். வண்டிமேல் உட்கார்ந்து ஹேண்டில்பாரைப் பிடியுங்கள். நண்பரை விட்டு முழங்கை ஆர்மரைக் கையால் பிடித்துத் திருப்பச் சொல்லுங்கள். திரும்பினால் கையில் உள்ள பட்டியை இறுக்கிவிட்டு மறுபடி பாருங்கள். அப்போதும் திரும்பினால் சைஸைக் குறையுங்கள். முழங்காலுக்கும் இதே சோதனைதான்.

ஆம்பூரில் தோல் வாங்கி இங்கேயே தைத்துக்கொள்ளலாமா என்று இரண்டு உறுப்பினர்கள் கேட்டிருந்தார்கள். நம் மாநிலத்துத் தோல் தொழிலுக்குப் பெயர் உண்டு, ஆசை நியாயமானது. ஆனால் சாதாரண ஃபேஷன் ஜாக்கெட்டின் தோல் ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது. ரைடிங் சூட்டுக்கு 1.2 முதல் 1.4 மில்லிமீட்டர் வரை வேண்டும். தோல் தடிமனாக இருந்தும் தையல் ஒற்றை வரியாக, வெளியே தெரியும்படி இருந்தால், சாலை முதலில் அறுப்பது அந்த நூலைத்தான். இரண்டு மூன்று வரித் தையல், அதில் ஒன்றாவது உள்ளே மறைந்தது, இப்படித் தைக்கத் தெரிந்தவர் கிடைத்தால் மட்டும் இறங்குங்கள்.

வெயிலைப் பற்றிப் பேசாமல் இந்தப் பேச்சு முடியாது. 'ஏனுங்க, பொள்ளாச்சி ரோட்டுல மத்தியானம் இதைப் போட்டுட்டு எப்படிங்க ஓட்டறது?' என்ற கேள்வி ஒவ்வொரு கூட்டத்திலும் வருகிறது. நியாயமான கேள்வி. வீட்டில் தொங்கும் ஏஏஏ ஜாக்கெட்டைவிட, தினமும் போடும் மெஷ் (காற்று புகும் வலைத்துணி) ஜாக்கெட் மேல் என்பதே என் பதில். நெஞ்சிலும் கையின் உள்பக்கத்திலும் மெஷ், தோளிலும் முழங்கையிலும் கெட்டித் துணி என்று தைத்ததாகப் பாருங்கள். முழுக்க மெஷ் வேண்டாம். உள்ளே பருத்தி பனியனுக்குப் பதில் வியர்வையை உலர்த்தும் பனியன். சிக்னலில் நிற்கும்போதுதான் வேகும், ஓட ஆரம்பித்தால் காற்று பார்த்துக்கொள்ளும்.

மழைக்கு ஒரு வார்த்தை. ஜாக்கெட்டுக்கு உள்ளே மாட்டும் மழை லைனர் உடம்பை நனையாமல் காக்கும். ஆனால் வெளித்துணி தண்ணீரைக் குடித்துக் கனத்துவிடும். அதோடு கோத்தகிரி ஏறினால் குளிர் எலும்பு வரை போகும். மலை ரைடுக்கு, ஜாக்கெட்டின் மேல் போடும் தனி மழைக்கோட்டே நல்லது.

கையுறையை யாரும் பொருட்டாக எடுப்பதில்லை. விழும்போது முதலில் நீள்வது உள்ளங்கை. மணிக்கட்டுப் பட்டியை இறுக்கியபின் விரல்களைப் பிடித்து இழுத்தால் கழலக்கூடாது; உள்ளங்கையின் அடியில் வழுக்கும் கெட்டித் தகடு இருந்தால் நல்லது. இஎன் 13594 என்ற எண்ணைப் பாருங்கள். காலுக்குக் கணுக்காலை மூடும் பூட்ஸ். அது முடியாதவர்கள் குறைந்தது கணுக்கால் வரை வரும் கெட்டியான ஷூ போடுங்கள், கயிற்றின் நுனியை உள்ளே செருகிவிடுங்கள், கியர் லீவரில் மாட்டும். செருப்போடு ரைடுக்கு வருவதை இனி அனுமதிப்பதில்லை.

இதெல்லாம் போட்டால் போதுமா என்றால், வரம்பும் உண்டு. 2011இல் வெளியான ஆஸ்திரேலிய ஆய்வு ஒன்றில், பாதுகாப்பு உடை அணிந்திருந்தவர்கள் விபத்துக்குப் பின் மருத்துவமனையில் சேர்க்கப்படுவது குறைவாக இருந்தது. அதே ஆய்வில், விபத்தில் சிக்கிய கையுறைகளில் கால் பங்கும், ஜாக்கெட்டுகளிலும் பேன்ட்டுகளிலும் ஏறக்குறைய முப்பது சதவீதமும் தாங்காமல் போயின. சீட்டைப் படியுங்கள் என்று நான் விடாமல் சொல்வது இதனால்தான்.

பின்னிருக்கைக்காரர்களைப் பற்றி நம் சங்கம் இதுவரை போதிய அக்கறை காட்டவில்லை. ஓட்டுபவர் தலை முதல் கால் வரை மூடியிருப்பார். பின்னால் மனைவி சேலையில், பக்கவாட்டில் உட்கார்ந்து, தலையில் அரை ஹெல்மெட். இந்த ஆண்டு பெண் உறுப்பினர்கள் இதை நேருக்கு நேர் கேட்டார்கள், கேட்டது சரி. பெண்களுக்கான சைஸ் கடைகளில் கிடைப்பதும் அரிது. ஆண்களின் சிறிய சைஸைப் போட்டால் தோள் அகன்று ஆர்மர் நகரும். கிடைக்கும் மாடல்களின் பட்டியலைப் பெண் உறுப்பினர்களே தயாரித்து வருகிறார்கள். குழந்தைகளுக்குச் சட்டமே இருக்கிறது: 2022 பிப்ரவரியில் அறிவித்து ஓராண்டு கழித்து அமலான விதிப்படி, நான்கு வயதுக்குட்பட்ட குழந்தையை ஏற்றினால் ஓட்டுபவரோடு பிணைக்கும் பட்டை, குழந்தைக்கு ஹெல்மெட், வேகம் மணிக்கு 40 கிலோமீட்டருக்குள்.

மாணவ உறுப்பினர்கள் செலவைப் பற்றிக் கேட்டார்கள். எல்லாவற்றையும் ஒரே மாதத்தில் வாங்க வேண்டாம், தம்பிகளா. முதலில் ஹெல்மெட், அடுத்து கையுறை, பிறகு பூட்ஸ், ஜாக்கெட், முழங்கால் ஆர்மர் உள்ள பேன்ட். வண்டிக்கு சைலன்சர் மாற்றும் காசு இந்த வரிசைக்குப் பின்னால் வரட்டும். சைஸ் மாறிய, விபத்தில் படாத ஜாக்கெட், பேன்ட், பூட்ஸ்களை மூத்த உறுப்பினர்களிடமிருந்து வாங்கிச் சங்க அறையில் வைத்திருக்கிறோம். ரைடுக்கு எடுத்துப் போய்த் திருப்பித் தரலாம். பழைய ஹெல்மெட்டை மட்டும் வாங்குவதில்லை, கொடுப்பதும் இல்லை. அது எப்போது எங்கே விழுந்தது என்று யாருக்கும் தெரியாது.

பொதுக்குழுவின் முன் வைக்கும் தீர்மானம்: சங்கத்தின் எல்லா ரைடுகளிலும் ஓட்டுபவருக்கும் பின்னால் உட்காருபவருக்கும் முழு ஹெல்மெட், ஜாக்கெட், கையுறை, கணுக்காலை மூடும் காலணி கட்டாயம். புறப்படும் இடத்தில் ஹெல்மெட் கழல்கிறதா, முழங்கை ஆர்மர் திரும்புகிறதா என்ற இரு சோதனைகளும் நடக்கும். தவறினால் அன்று ரைடு இல்லை, செயற்குழுவினருக்கும் இதே விதி.

சோதனைக் கூட்டத்துக்கு இடம் கொடுத்த மண்டப உரிமையாளருக்கும், வால்பாறையில் விழுந்தவரைத் தன் ஜீப்பில் ஏற்றிக் கீழே கொண்டுவந்த அந்த எஸ்டேட் ஓட்டுநருக்கும், ஆண்டு முழுவதும் துணை நின்ற செயற்குழுவினருக்கும் நன்றி. சாப்பாட்டுக்கு முன் வாக்கெடுப்பு. சாப்பாடு முடிந்ததும் வாசலில் ஹெல்மெட் சோதனை மேசை இருக்கும். வண்டியில் மாட்டியிருப்பதை எடுத்துக்கொண்டு வாருங்கள்.

இப்படிக்கு,
செயலாளர்