சிரக்யூஸ் நகரைக் காட்டாமல் திரும்பிய சிசிலி சுற்றுலா: புகார்

பெறுநர்: வாடிக்கையாளர் சேவை மேலாளர்
பொருள்: பயணத் திட்டத்தில் இருந்த இடங்களைக் காட்டாதது, அதற்கான கட்டணத்தைத் திருப்பிக் கேட்பது தொடர்பாக

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

வணக்கம். இத்தாலியின் சிசிலித் தீவுக்கு நீங்கள் நடத்திய குழுச் சுற்றுலாவில் நானும் என் மனைவியும் சென்ற மாதம் வந்திருந்தோம். விசா, விமானம், தங்கும் விடுதி எதிலும் எங்களுக்குக் குறையில்லை. குறையெல்லாம் சிரக்யூஸில்தான். நான் ஓய்வுபெற்ற கணித ஆசிரியர். ஆர்க்கிமிடீஸ் பிறந்த ஊரைப் பார்ப்பதற்காகவே இந்தப் பயணத்தில் சேர்கிறோம் என்று, பணம் கட்டும்போதே உங்கள் அலுவலகத்தில் சொல்லியிருந்தேன்.

நீங்கள் அச்சடித்துக் கொடுத்த திட்டத்தில் அந்த நாளுக்கு "முழு நாள் சிரக்யூஸ், ஒர்த்தீஜா தீவு, பேராலயத்தின் உட்புறம், நியாபோலிஸ் தொல்லியல் பூங்கா, உள்ளூர் வழிகாட்டியுடன், நுழைவுக் கட்டணங்கள் உட்பட" என்று இருக்கிறது. சிசிலியின் இன்னொரு நகரமான கட்டானியாவிலிருந்து அந்த ஊர் சுமார் 65 கி.மீ. ஒரு மணி நேரத்தில் போய்விடலாம். ஆனால் காலையில் கிளம்பிய பேருந்து வழியில் ஒரு பீங்கான் கடையில் நின்றது. அங்கே செய்முறை விளக்கம், அப்புறம் விற்பனை, அப்புறம் பக்கத்து உணவகத்தில் மதியச் சாப்பாடு. திட்டத்தில் இந்தக் கடையைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. சிரக்யூஸின் பழைய நகரப் பகுதியான ஒர்த்தீஜா தீவுக்குப் போகும் பாலத்தை நாங்கள் கடந்தபோது மணி மூன்றாகப் போகிறது. அப்பொல்லோ கோயிலை ஒட்டிய சந்தை முடிந்து, மீன் கடைக்காரர்கள் மேசைகளைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். ஐந்து மணிக்கெல்லாம் திரும்பப் பேருந்தில் ஏறச் சொல்லிவிட்டார் உங்கள் டூர் மேனேஜர். கட்டானியாவில் இந்திய உணவகத்தில் இரவுச் சாப்பாட்டுக்கு நேரம் சொல்லியிருக்கிறதாம்.

பேராலயத்துக்குள் போகவில்லை. இதுதான் எனக்கு ஆறவே இல்லை. கி.மு. 5-ஆம் நூற்றாண்டில் கட்டிய, கிரேக்கத் தெய்வமான அதீனாவின் கோயிலை இடிக்காமல், தூண்களுக்கு நடுவே சுவர் எழுப்பித் தேவாலயமாக மாற்றியிருக்கிறார்கள். 1693 நிலநடுக்கத்துக்குப் பிறகு முகப்பைப் புதிதாகக் கட்டினார்கள், பழைய தூண்கள் மட்டும் அப்படியே நிற்கின்றன. வடக்குப் பக்கச் சந்தில் டோரிக் என்ற பழைய கிரேக்கப் பாணியிலான அந்தத் தூண்கள் சுவரிலிருந்து பாதி வெளியே தெரிகின்றன. வரிப்பள்ளங்கள் சில இடங்களில் மழுங்கிப்போயிருக்கின்றன. ஒன்றைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தபோதே "சீக்கிரம் வாங்க சார்" என்று டூர் மேனேஜர் கூப்பிட்டுவிட்டார். உள்ளே தூண்கள் வரிசையாக நிற்கும் அழகைப் பார்க்க அரை மணி நேரம் போதும். கதவு திறந்துதான் இருந்தது. பீங்கான் கடைக்கு ஒதுக்கிய நேரத்தில் கால் பங்கை இதற்குக் கொடுத்திருக்கலாம்.

தொல்லியல் பூங்காவுக்கும் போகவில்லை. பாறையில் வெட்டிய கிரேக்க அரங்கு அங்கேதான் இருக்கிறது. 1914 முதல் பழைய கிரேக்க நாடகங்களை மீண்டும் மேடையேற்றும் இடம் அது. கி.மு. 413-இல் சிரக்யூஸ் மீது படையெடுத்து வந்து தோற்ற ஏதென்ஸ் வீரர்களைச் சிறைவைத்த கல்குவாரிகளும் அந்த ஊரில்தான் இருக்கின்றன. இதற்கெல்லாம் பதிலாகப் பேருந்தைச் சாலையோரம் நிறுத்தி, கம்பி வேலிக்கு அப்பால் பாறையில் குடைந்த ஒரு முகப்பைக் காட்டி, "அதுதான் ஆர்க்கிமிடீஸ் கல்லறை" என்றார்கள். அது ரோமானியர் காலத்து ஈமக் குகை. ஆர்க்கிமிடீஸுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. கி.மு. 212-இல் ரோமானியர் நகரைப் பிடித்தபோது அவர் கொல்லப்பட்டார். கி.மு. 75-இல் சிசிலியில் அதிகாரியாக இருந்த ரோமானியப் பேச்சாளர் சிசெரோ, முள்புதர் மூடிய உண்மையான கல்லறையை, மேலே செதுக்கியிருந்த கோளத்தையும் உருளையையும் வைத்து அடையாளம் கண்டுபிடித்து எழுதியிருக்கிறார். அதன் பிறகு அது எங்கே போனதென்று தெரியாது. உருளைக்குள் பொருந்தும் கோளத்தின் கனஅளவு அந்த உருளையில் மூன்றில் இரண்டு பங்கு என்ற ஆர்க்கிமிடீஸின் கண்டுபிடிப்பைப் பல வருடம் வகுப்பில் நடத்தியவன் நான். குழுவில் இருந்த பள்ளிப் பிள்ளைகள் அந்தக் குகையைப் படம் எடுத்து, தவறான பெயரோடு நண்பர்களுக்கு அனுப்பினார்கள். சொன்னபடி உள்ளூர் வழிகாட்டியை அமர்த்தியிருந்தால் இது நடந்திருக்காது.

அன்றைக்கே கேட்டதற்கு, "திட்டம் மாறுதலுக்கு உட்பட்டது" என்ற நிபந்தனையை டூர் மேனேஜர் காட்டினார். மழை, வேலைநிறுத்தம், சாலை மூடல் என்றால் சரி, ஒத்துக்கொள்வோம். கடையில் நிறுத்துவதற்கு அந்த நிபந்தனை பொருந்தாது.

பூங்காவுக்கும் பேராலயத்துக்கும் எங்கள் இருவரிடமும் வாங்கிய நுழைவுக் கட்டணம், உள்ளூர் வழிகாட்டிக்கான தொகை, அந்த ஒரு நாள் செலவில் பாதி ஆகியவற்றைத் திருப்பித் தாருங்கள். அடுத்த குழுவுக்குக் கொடுக்கும் திட்டத்தில் கடை நிறுத்தங்களை வெளிப்படையாகப் போடுங்கள். கல்லறைக் கதையையும் நிறுத்திவிடுங்கள். பயணத் திட்டம், ரசீது, நேரத்துடன் கூடிய புகைப்படங்கள் ஆகியவற்றின் நகல்களை இணைத்திருக்கிறேன். 15 நாட்களுக்குள் எழுத்துப்பூர்வமான பதில் வராவிட்டால், நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன் கீழ் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுப்பேன்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்